இரண்டு கணிப்பொறிகள், ஒரே வீடு: இணைப்பு மறுத்தால் எங்கிருந்து தேடுவது?



நம் இல்லங்கள் பலவற்றில் இன்று கணிப்பொறிகள் இரண்டாகிவிட்டன. கூடத்தில் பழையது ஒன்று. கடைக் கணக்கும், நிக்காஹ் புகைப்படங்களும், வீட்டுப் பத்திரங்களின் நகல்களும், பிள்ளைகளின் சான்றிதழ்களும் அதில்தான் இருக்கின்றன. மாடியில், மகளின் படிப்புக்கென வாங்கிய லேப்டாப். இரண்டிலும் இணையம் தடையின்றி வருகிறது. ஆனால், மாடியில் இருந்தபடியே கூடத்துக் கணிப்பொறியில் உள்ள ஒரு கோப்பைத் திறக்க முயன்றால், ‘அணுக முடியவில்லை’ என்ற பொருளில் ஓர் அறிவிப்புத் திரையில் வந்து நிற்கிறது. உலகின் மறுகோடியில் உள்ள பல்கலைக்கழகத்தின் நூலகம் திறக்கிறது. பதினைந்து படிக்கட்டுகளுக்குக் கீழே உள்ள பெட்டி திறக்க மறுக்கிறது!

இந்நிலையில் இரண்டு விதமான அவசர முடிவுகள் எடுக்கப்படுகின்றன. ஒன்று, பழுதுபார்ப்பவரை அழைப்பது. அவர் ‘ஃபார்மட் செய்தால் சரியாகிவிடும்’ என்று கூறியதும் தலையசைத்துவிடுவது. மற்றொன்று, யாரோ சொன்னார்கள் என்று கணிப்பொறியின் பாதுகாப்பு ஏற்பாடுகள் அனைத்தையும் ஒவ்வொன்றாக அணைத்துவிடுவது. முதல் வழியில் பல்லாண்டுப் புகைப்படங்கள் அழிந்து போகக்கூடும். இரண்டாம் வழியில் அவை அந்நியர் கைக்கு எட்டும் நிலை உண்டாகக்கூடும். இரண்டுமே தேவையற்றவை. இரு கணிப்பொறிகளுக்கு இடையிலான இணைப்புக் கோளாறு என்பது, ஒரு ஏணியில் எந்தப் படி உடைந்திருக்கிறது என்று கண்டறிவதைப் போன்றது. கீழ்ப்படியிலிருந்து ஒவ்வொன்றாகக் காலூன்றிச் சோதித்து ஏறினால், உடைந்த படி தானே தெரிந்துவிடும். அந்த ஏணியைத்தான் இம்மாதம் காணவிருக்கிறோம்.

தொடங்குமுன் மூன்று விதிகள்

முதலாவது, இன்றியமையாத கோப்புகளை வெளியே இணைக்கும் வட்டு ஒன்றில் நகலெடுத்து வைத்துவிடுங்கள். குடும்பத்தின் புகைப்படங்களும் பத்திரங்களும் அமானிதம் போன்றவை. சோதனை தொடங்குமுன் அவற்றைப் பத்திரப்படுத்துவது வீட்டாரின் பொறுப்பு.

இரண்டாவது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். ஐந்து மாற்றங்களை ஒருசேரச் செய்து இணைப்புக் கிடைத்துவிட்டால், எது மருந்து, எது தேவையற்ற தலையீடு என்று பிறகு பிரித்தறிய இயலாது. மாற்றியது பலன் தரவில்லையென்றால், அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்த பின்னரே அடுத்ததைத் தொட வேண்டும்.

மூன்றாவது, ஒரு தாளும் பென்சிலும் அருகில் இருக்கட்டும். கண்டதை எல்லாம் எண்களோடு குறித்துக்கொள்ளுங்கள். நினைவை நம்பிச் செய்யும் சோதனை பாதியில் குழம்பிவிடும்.

முதற்படி: கம்பியும் காற்றும்

மிக எளிய காரணத்தை முதலில் விலக்குவோம். எதிரே உள்ள கணிப்பொறி விழித்திருக்கிறதா? சிறிது நேரம் எவரும் தொடாவிட்டால் கணிப்பொறிகள் தாமாகவே உறக்க நிலைக்குச் சென்றுவிடும். உறங்கும் கணிப்பொறியின் கோப்பை வேறோர் அறையிலிருந்து திறக்க இயலாது. ‘காலையில் வேலை செய்தது, மதியம் செய்யவில்லை’ என்ற முறையீட்டுக்குப் பல வேளைகளில் இதுவே காரணம். மின்சார அமைப்புப் பகுதியில் உறக்க நேரத்தைக் கூட்டினால் தீர்ந்தது.

கம்பி வழியாக ரூட்டருடன் இணைத்திருந்தால், கம்பி செருகப்பட்ட துளையின் அருகே ஒரு சிறு விளக்கு எரியும். செய்தி செல்லும்போது மற்றொரு விளக்கு மினுக்கும். விளக்கே இல்லையென்றால் மேற்படிகளை ஆராய்வதில் பயனில்லை. கம்பியின் முனையில் உள்ள சிறு பிளாஸ்டிக் தாழ் ஒடிந்து, செருகி தளர்ந்திருக்கலாம். கதவிடுக்கில் கம்பி நசுங்கியிருக்கலாம். எலி கடித்திருக்கலாம். நன்றாக இயங்கும் வேறொரு கம்பியை அதே துளைகளில் செருகிப் பார்ப்பதே சரியான சோதனை.

இந்தக் கம்பியினுள்ளே எட்டு மெல்லிய செப்பு இழைகள், இரண்டிரண்டாக முறுக்கப்பட்டு நான்கு சோடிகளாக உள்ளன. வினாடிக்கு 100 மெகாபிட் வேகத்துக்கு அவற்றுள் இரண்டு சோடிகளே போதும். 1000 மெகாபிட் வேகத்துக்கு நான்கு சோடிகளும் தேவை. ஆகவே, இரு முனைகளும் 1000 மெகாபிட் வேகத்துக்கு உரியவையாக இருந்தும் இணைப்பு 100 என்று காட்டுமானால், ஏதோ ஓர் இழை அறுந்திருக்கிறது என்று ஐயுறலாம். இத்தகைய செப்புக் கம்பிக்கு வகுக்கப்பட்ட நீள வரம்பு 100 மீட்டர். எந்த வீட்டுக்கும் இது தாராளம்.

வைஃபை வழியாக இணைத்திருந்தால், இரண்டு கணிப்பொறிகளும் ஒரே பெயருள்ள வைஃபையில்தான் இருக்கின்றனவா என்று பாருங்கள். ரூட்டர்கள் பலவற்றில் ‘கெஸ்ட்’ என்ற பெயரில் விருந்தாளிகளுக்கெனத் தனி வைஃபை ஒன்று உண்டு. அதில் இணைபவர்களுக்கு இணையம் கிடைக்கும். ஆனால் வீட்டிலுள்ள பிற கருவிகளை அவர்கள் காண இயலாதபடி அது வடிவமைக்கப்பட்டிருக்கிறது. மகளின் லேப்டாப் தற்செயலாக விருந்தாளி வைஃபையில் இணைந்திருந்தால், தன் வீட்டிலேயே அது விருந்தாளியாகிவிடும்!

ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். ஒரு கணிப்பொறி கம்பியிலும் மற்றொன்று வைஃபையிலும் இருப்பது தவறன்று. ஒரே ரூட்டரைச் சார்ந்திருக்கும் வரை இரண்டும் ஒரே வீட்டார்தாம்.

இரண்டாம் படி: முகவரி

அஞ்சல்காரருக்கு வீட்டு எண் வேண்டும், கணிப்பொறிகளுக்கும் அவ்வாறே. ஐபி முகவரி எனப்படும் அந்த எண்ணைக் காண்பது எளிது. விண்டோஸ் சின்னமுள்ள பொத்தானையும் ‘ஆர்’ எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் ஒரு சிறு கட்டம் தோன்றும். அதில் சி, எம், டி என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டச்சு செய்து என்டர் பொத்தானை அழுத்துங்கள். கறுப்புத் திரை திறக்கும். அதில் ஐ, பி, சி, ஓ, என், எஃப், ஐ, ஜி என்னும் எட்டு எழுத்துகளை இடைவெளியின்றி அடித்து என்டர் தட்டுங்கள். திரையில் வரும் வரிகளுள் ஐபிவி4 முகவரி, சப்நெட் மாஸ்க், டீஃபால்ட் கேட்வே ஆகிய மூன்றை மட்டும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கேட்வே என்பது ரூட்டரின் முகவரி. இவ்வாறே மற்றக் கணிப்பொறியிலும் செய்யுங்கள்.

எடுத்துக்காட்டாக, கூடத்துக் கணிப்பொறியின் முகவரி 192.168.1.5, லேப்டாப்பின் முகவரி 192.168.1.8, இரண்டுக்கும் கேட்வே 192.168.1.1, மாஸ்க் 255.255.255.0 என்று இருந்தால் எல்லாம் நலம். மாஸ்க் இவ்வாறு இருக்கும்போது முதல் மூன்று எண்கள் தெருவின் பெயர் போன்றவை. அவை இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். கடைசி எண் வீட்டு எண் போன்றது; அது வெவ்வேறாக இருக்க வேண்டும்.

192.168 என்று தொடங்கும் எண்கள் உலகில் எண்ணற்ற வீடுகளில் ஒரே நேரத்தில் பயன்படுகின்றன. வீடு, அலுவலகம் போன்றவற்றின் உட்பயன்பாட்டுக்கென்றே ஒதுக்கப்பட்டவை அவை. 1996ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளியான ஆவணம் ஒன்று அந்த ஒதுக்கீட்டை வகுத்துரைத்தது. ஆகவே அண்டை வீட்டிலும் அதே எண் இருப்பதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

முகவரி 169.254 என்று தொடங்கினால் நிலைமை வேறு. ‘எனக்கு முகவரி வழங்க எவரும் முன்வரவில்லை; நானே ஒன்றை வைத்துக்கொண்டேன்’ என்று கணிப்பொறி சொல்வதன் அடையாளம் அது. வழக்கமாக முகவரியை வழங்குவது ரூட்டர். அதன் விடை வந்து சேரவில்லை என்பதால், முதற்படிக்குத் திரும்பிக் கம்பியையும் வைஃபையையும் மீண்டும் பாருங்கள். ரூட்டரை ஒருமுறை அணைத்து, அரை நிமிடம் கழித்து இயக்குங்கள். ஒரு விதிவிலக்கும் உண்டு. ரூட்டரே இல்லாமல் இரண்டு கணிப்பொறிகளையும் ஒரே கம்பியால் நேரடியாக இணைத்திருந்தால், இரண்டிலும் 169.254 என்று வருவது இயல்பே. அந்த முகவரிகளைக் கொண்டே அவை தம்முள் பேசிக்கொள்ள முடியும்.

இன்னொரு கோளாறு, கடையிலிருந்து வீட்டுக்கு வந்த கணிப்பொறிகளில் காணப்படுவது. கடையில் எவரோ நிலையான முகவரி ஒன்றைப் பதித்து வைத்திருப்பார். வீட்டு ரூட்டரின் தெரு வேறு. கடையின் தெரு வேறு. இணைப்பின் அமைப்புப் பகுதியில், முகவரியைத் தானாகப் பெறும் வகையில் மாற்றிவிட்டால் போதும். இரு கணிப்பொறிகளுக்கும் ஒரே நிலையான எண்ணைப் பதித்துவிட்டாலோ, ஒன்று இயங்கும்போது மற்றொன்று தடுமாறும்.

இரண்டு ரூட்டர்கள் உள்ள வீடு

மாடியில் வைஃபை எட்டவில்லை என்று இரண்டாவதாக ஒரு ரூட்டரை வாங்கி வைக்கும் வழக்கம் பெருகியிருக்கிறது. கீழுள்ள ரூட்டரிலிருந்து வரும் கம்பியை, மாடி ரூட்டரின் ‘வேன்’ என்ற துளையில் செருகிவிடுவார்கள். அப்போது மாடி ரூட்டர் தனியாக ஒரு தெருவை உண்டாக்கிக்கொள்ளும். கூடத்தில் 192.168.1.5, மாடியில் 192.168.0.8 என்று எண்கள் வரும். இரண்டிலும் இணையம் வருவதால் ஐயமே எழாது.

இந்நிலையின் அடையாளம் விந்தையானது. மாடியிலிருந்து கூடத்துக் கணிப்பொறியை அதன் முகவரியைக் கொண்டு அணுக முடியும். கூடத்திலிருந்து மாடியை அணுக முடியாது. ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கதவு போல! உள்ளிருந்து வெளியே செல்பவற்றை மாடி ரூட்டர் அனுமதிக்கும்; வெளியிலிருந்து தானாக வருபவற்றைத் தடுத்துவிடும்.

தீர்வு எளியது. மாடி ரூட்டரில் ‘ஆக்சஸ் பாயின்ட்’ என்ற முறை இருந்தால் அதற்கு மாற்றிவிடுங்கள். அது தன் தெருவைக் கலைத்துவிட்டு, கீழ் ரூட்டரின் தெருவை மாடிவரை நீட்டிக்கும். அம்முறை இல்லாத பழைய ரூட்டர் என்றால், அதன் சொந்த முகவரியைக் கீழ் ரூட்டரின் தெருவில் எவரும் பயன்படுத்தாத ஓர் எண்ணாக மாற்றி, முகவரி வழங்கும் பணியை அணைத்து, கம்பியை ‘லேன்’ எனக் குறிக்கப்பட்ட துளைக்கு மாற்ற வேண்டும். ஒரு வீட்டில் முகவரி வழங்குபவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

மூன்றாம் படி: வாசலில் நின்று ஒரு குரல்

முகவரிகள் சரியாக இருந்தால், ஒன்று மற்றொன்றை அழைத்துப் பார்க்கலாம். இதற்கான கட்டளையின் பெயர் பிங். மைக் மூஸ் என்னும் அமெரிக்க அறிஞர் 1983ஆம் ஆண்டு டிசம்பரில் இதை எழுதினார். கடலடியில் ஒலியை அனுப்பி, எதிரொலியைக் கொண்டு பொருள்களைக் கண்டறியும் சோனார் கருவியின் ஓசையே இப்பெயருக்கு அடிப்படை. நமக்குப் புரியும் விதத்தில் சொன்னால், ஒரு வீட்டு வாசலில் நின்று ஸலாம் சொல்லிப் பதிலுக்குக் காத்திருப்பதைப் போன்றது இது.

முதலில் ரூட்டரை அழையுங்கள். கறுப்புத் திரையில் பி, ஐ, என், ஜி என்னும் நான்கு எழுத்துகளை அடித்து, ஓர் இடைவெளி விட்டு, ரூட்டரின் முகவரியைத் தட்டுங்கள். இரு கணிப்பொறிகளிலிருந்தும் ரூட்டர் பதிலளித்தால், இரண்டுக்கும் ரூட்டர் வரை பாதை உண்டு என்பது உறுதி. இப்போது லேப்டாப்பிலிருந்து 192.168.1.5 என்ற கூடத்து முகவரியை அழையுங்கள். பிறகு எதிர்த்திசையிலும் செய்து பாருங்கள். மூன்று விதமான விளைவுகள் வரலாம்.

எத்தனை மில்லி வினாடியில் பதில் வந்தது என்ற எண்ணுடன் நான்கு வரிகள் வந்தால், ஸலாமுக்குப் பதில் கிடைத்துவிட்டது. பாதை தெளிவு. குறை மேற்படிகளில் இருக்கிறது.

‘டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்’ என்று வந்தால், அந்த முகவரியில் எவரும் இல்லை என்று பொருள். எதிர்க் கணிப்பொறி உறங்குகிறது, அல்லது அதன் முகவரி மாறிவிட்டது, அல்லது விருந்தாளி வைஃபை இடையில் தடுக்கிறது. இங்கே பலர் ஏமாந்துவிடுவதுண்டு. இந்த வரி ‘ரிப்ளை ஃப்ரம்’ என்றே தொடங்கும். இறுதிக் கணக்கிலும் இழப்பு பூச்சியம் என்று காட்டும். ஆனால், அந்த வரியில் உள்ள முகவரியை உற்று நோக்குங்கள். அது உங்கள் கணிப்பொறியின் முகவரியாகவே இருக்கும். நாம் அனுப்பிய ஆள் தெருமுனை வரை சென்று, ‘அப்படியொரு வீடே இல்லை’ என்று திரும்பி வந்து சொல்வது போன்றது இது.

‘ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்’ என்று வந்தால், பெரும்பாலும் வீடு இருக்கிறது. உள்ளே இருப்பவர் பேசாமல் இருக்கிறார். வாசலில் நிற்பவர் யாரென்று தெரியாதபோது பதில் தராதிருப்பது பாதுகாப்பு என்று அதற்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. கற்பித்தது ஃபயர்வால் என்னும் காவல் மென்பொருள். அதுவே அடுத்த படி.

நான்காம் படி: காவலாளி

விண்டோஸ் கணிப்பொறி, தான் இணையும் ஒவ்வொரு வலையமைப்பையும் ‘பப்ளிக்’, ‘பிரைவேட்’ என்ற இரு வகைகளில் ஒன்றாகக் கருதுகிறது. பப்ளிக் என்றால் பொது இடம். புகைவண்டி நிலையமோ உணவகமோ போல. அங்கே அது தன்னை எவருக்கும் காட்டிக்கொள்ளாது. பிரைவேட் என்றால் சொந்த வீடு. வீட்டு வைஃபையே பப்ளிக் என்று பதிவாகியிருப்பதுதான், எல்லாம் சரியாக இருந்தும் இணைப்பு மறுக்கப்படும் வீடுகளில் அடிக்கடி காணும் காரணம்.

செட்டிங்ஸ் பகுதியில் நெட்வொர்க் அமைப்பைத் திறந்து, தற்போதைய இணைப்பின் விவரங்களுக்குச் சென்றால் இவ்விரு வகைகளும் காணப்படும். இரு கணிப்பொறிகளிலும் பிரைவேட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதன்பின், பகிர்வு அமைப்புகளில் ‘நெட்வொர்க் டிஸ்கவரி’, ‘ஃபைல் அண்ட் பிரின்டர் ஷேரிங்’ ஆகிய இரண்டையும் பிரைவேட் பிரிவின் கீழ் மட்டும் இயக்குங்கள். ஒவ்வொரு வலையமைப்புக்கும் உரிய வகையைக் கணிப்பொறி தனித்தனியே நினைவில் வைத்திருப்பதால், மகள் லேப்டாப்பைக் கல்லூரி விடுதிக்கு எடுத்துச் சென்றாலும் அஞ்ச வேண்டியதில்லை. அங்குள்ள வலையமைப்பைப் பப்ளிக் என்றே விட்டுவைத்தால் போதும்.

தனியாக வாங்கிய வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் சிலவற்றில் சொந்தமாக ஒரு ஃபயர்வால் உண்டு. விண்டோஸில் அனுமதி அளித்த பிறகும் அது தடுக்கலாம். அதிலும் வீட்டு வலையமைப்பை நம்பகமானது என்று குறிக்க வேண்டும். அலுவலகப் பணிக்கென நிறுவப்படும் விபிஎன் மென்பொருளும் இயங்கும் வேளையில் வீட்டினுள் உள்ள இணைப்பை அறுத்துவிடக்கூடும். அதைத் துண்டித்துவிட்டுச் சோதியுங்கள்.

சோதனைக்காக ஃபயர்வாலை ஓரிரு நிமிடம் அணைத்துப் பார்ப்பதுண்டு. அவ்வாறு செய்தால், விளைவைக் குறித்துக்கொண்ட மறுகணமே இயக்கிவிட வேண்டும். ‘அணைத்தால் வேலை செய்கிறது, அப்படியே இருக்கட்டும்’ என்று விடுவது, பூட்டுச் சரியாகத் திறக்கவில்லை என்பதற்காகக் கதவையே கழற்றி வைப்பதற்கு ஒப்பாகும்.

ஐந்தாம் படி: அனுமதி

பாதை திறந்த பின்னரும், ‘நீர் யார்?’ என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது.

லேப்டாப்பில் விண்டோஸ் பொத்தானையும் ‘ஆர்’ எழுத்தையும் அழுத்தி, வரும் கட்டத்தில் \\192.168.1.5 என்று அடியுங்கள். முன்னால் உள்ள இரண்டு கோடுகளும் மேல்முனை இடப்பக்கம் சாய்ந்தவை என்பதைக் கவனியுங்கள். இவ்வாறு செய்ததும் கூடத்துக் கணிப்பொறியின் பகிர்வுகள் திறந்தால், இணைப்பு நலமே. ‘நெட்வொர்க்’ பட்டியலில் அதன் பெயர் தோன்றாததைப் பொருட்படுத்த வேண்டாம். பட்டியலில் காண்பது வேறு. முகவரி வழியே அடைவது வேறு. ரூட்டர் வழங்கும் முகவரி பின்னொரு நாளில் மாறக்கூடும் என்பதால், ரூட்டரின் அமைப்பில் அந்த எண்ணைக் கூடத்துக் கணிப்பொறிக்கென ஒதுக்கி வைத்துவிடுவது நலம்.

பெயரும் கடவுச்சொல்லும் கேட்டு நின்றால், அங்கே கொடுக்க வேண்டியவை கூடத்துக் கணிப்பொறிக்கு உரியவை. லேப்டாப்புக்கு உரியவை அல்ல. காலையில் கணிப்பொறியைத் திறக்க நாம் இடும் நான்கு இலக்க ‘பின்’ எண் இங்கே செல்லாது. அந்த எண் அந்தக் கணிப்பொறியின் முன்னே அமர்ந்திருப்பவருக்கு மட்டுமே உரியது. கடவுச்சொல்லே இல்லாத கணக்கையும் விண்டோஸ், அமைப்பை மாற்றாதவரை, வலையமைப்பு வழியே ஏற்பதில்லை. சரியான எண்ணைத்தான் இடுகிறோம் என்று நம்பி, பத்து முறை முயன்று சலித்தவர்கள் இதை அறிந்தால் வியப்பார்கள்.

இதற்கு நல்ல வழி, கூடத்துக் கணிப்பொறியில் பகிர்வுக்கென்றே சாதாரணப் பயனர் கணக்கு ஒன்றை உண்டாக்கி, அதற்கு வலுவான கடவுச்சொல் ஒன்றை அமைப்பதாகும். பிறகு, கோப்புறை ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து அந்தக் கணக்குக்குப் பகிருங்கள். ஒரு கோப்புறைக்கு இரண்டு அனுமதிகள் உண்டு: பகிர்வு அனுமதி ஒன்று, வட்டில் பதிந்துள்ள அனுமதி மற்றொன்று. இரண்டில் எது கடுமையானதோ அதுவே நடைமுறைக்கு வரும். ஆகவே, ஒன்றில் மட்டும் அனுமதி தந்துவிட்டு, ‘இன்னும் மறுக்கிறதே’ என்று கலங்க வேண்டாம்.

பழைய கணிப்பொறியும் ஒரு படிப்பினையும்

இத்தனை படிகளும் சரியாக இருந்தும், ஒன்று மிகப் பழையதாக இருந்தால் பேச்சு நிகழாமல் போகலாம். கோப்புப் பகிர்வுக்கு விண்டோஸ் கணிப்பொறிகள் பயன்படுத்தும் மொழி எஸ்எம்பி எனப்படும். விண்டோஸ் எக்ஸ்பி அதன் முதற்பதிப்பை மட்டுமே அறியும். எக்ஸ்பிக்கான நிறுவன ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்றே முடிந்துவிட்டது. புதிய விண்டோஸோ அந்த முதற்பதிப்பைக் கைவிட்டுவிட்டது. இளைய தலைமுறைக்குப் புரியாத மொழியில் முதியவர் பேசுவது போன்ற நிலை இது.

‘அந்தப் பழைய பதிப்பை மீண்டும் இயக்கிவிடுங்கள்’ என்று அறிவுரை சொல்பவர்கள் உண்டு. அதற்கு இணங்குமுன் 2017ஆம் ஆண்டு மே மாதத்தை நினைவுகூர வேண்டும். அம்மாதம் 12ஆம் நாள் பரவத் தொடங்கிய வான்னக்ரை என்னும் தீய மென்பொருள், அந்த முதற்பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகக் கணிப்பொறிக்குக் கணிப்பொறி தானே தாவியது. கோப்புகளைப் பூட்டிவிட்டு, விடுவிக்கப் பணம் கேட்டது. ஏறத்தாழ 150 நாடுகளில் அது பரவிற்று. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் சிகிச்சைகளே தடைப்பட்டன. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இரண்டு மாதங்களுக்கு முன்பே, அவ்வாண்டு மார்ச்சில், வெளியிட்டிருந்தது. திருத்தத்தை நிறுவாதிருந்த கணிப்பொறிகளே வீழ்ந்தன. ஆதரவு நின்றுபோன பதிப்புகளுக்கோ, பரவல் தொடங்கிய பின்னரே திருத்தம் வந்தது.

ஆகவே, எக்ஸ்பி கணிப்பொறியில் உள்ள கோப்புகளை வெளி வட்டு ஒன்றில் நகலெடுத்து, வைரஸ் சோதனை செய்து, புதிய கணிப்பொறிக்கு மாற்றிக்கொள்வதே அறிவுடைமை. விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றும் முடிந்துவிட்டன என்பதையும் கருத்தில் கொள்ளுங்கள். பழைய கையேடுகள் சில ‘ஹோம்குரூப்’ என்ற வசதியைப் பயன்படுத்தச் சொல்லும். அது விண்டோஸ் 10இலிருந்து 2018ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டுவிட்டது. அதைத் தேடிக் காலத்தை வீணாக்க வேண்டாம்.

எவ்வளவு திறப்பது?

இணைப்புக் கிடைத்த மகிழ்ச்சியில் முழு வட்டையும் ‘எவரிவன்’, அதாவது எல்லோரும், என்ற பெயருக்குப் பகிர்ந்துவிடுவது வழக்கமாக நடக்கும் பிழை. நம் வீட்டு வைஃபையின் கடவுச்சொல்லை எத்தனை பேர் அறிவார்கள் என்று எண்ணிப் பாருங்கள். விருந்துக்கு வந்த உறவினர்கள், பிள்ளைகளின் நண்பர்கள், பக்கத்து வீட்டார் என்று பட்டியல் நீளும். அவர்கள் அனைவரும் நல்லவர்களாகவே இருக்கலாம். ஆனால் அவர்களுடைய கருவிகளில் என்ன மென்பொருள் ஒளிந்திருக்கிறது என்பதை அவர்களே அறியமாட்டார்கள். நம் வீட்டுப் பெண்களின் திருமணப் படங்களும் வங்கித் தாள்களும் அத்தனை கருவிகளுக்கும் எட்டும் தூரத்தில் இருக்கலாமா?

ஆகவே, தேவைப்படும் கோப்புறையை மட்டும் பகிருங்கள். பார்ப்பதற்கு மட்டும் போதுமென்றால் படிக்கும் அனுமதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மாற்றும் அனுமதி வேண்டாம். வந்து செல்வோருக்கு விருந்தாளி வைஃபையைத் தனியே அமைத்துக் கொடுங்கள். முன்னே நமக்கு இடையூறாக நின்ற அதே ஏற்பாடு, இப்போது வீட்டின் காவலாகும்.

பழுதுபார்ப்பவரை அழைக்கும் முன்

இவ்வைந்து படிகளையும் கடந்தும் தீரவில்லையென்றால், துறை அறிந்தவரை அழைப்பதில் தவறில்லை. அப்போது நாம் எழுதிய தாள் பேருதவி புரியும். ‘கணிப்பொறி வேலை செய்யவில்லை’ என்று சொல்வதற்கும், ‘விளக்கு எரிகிறது, முகவரிகள் இவை, ரூட்டர் இரண்டுக்கும் பதில் தருகிறது, ஒன்றை ஒன்று அழைத்தால் மட்டும் பதில் இல்லை’ என்று சொல்வதற்கும் பெருத்த வேறுபாடு உண்டு. பின்னதைக் கேட்கும் பழுதுபார்ப்பவர் நேரே காவலாளியிடம் செல்வார். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். அப்படியும் அவர் ‘ஃபார்மட்’ என்ற சொல்லை எடுத்தால், எந்தப் படி உடைந்திருப்பதால் அது தேவைப்படுகிறது என்று அமைதியாகக் கேளுங்கள். இரு கணிப்பொறிகள் பேசிக்கொள்ள மறுப்பதற்கு வட்டை அழிப்பது மருந்தாவது மிக அரிது.

அந்தத் தாளைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். ரூட்டரின் முகவரி, இரு கணிப்பொறிகளின் முகவரிகள், எந்தக் கோப்புறை எந்தக் கணக்குக்குப் பகிரப்பட்டிருக்கிறது என்ற விவரங்களை அழகாகப் படியெடுத்து, வீட்டுப் பத்திரங்களோடு வைத்துவிடுங்கள். கடவுச்சொல்லை மட்டும் அதில் எழுதாதீர்கள். வீட்டில் இதை அறிந்தவர் ஒருவர் மட்டுமே என்ற நிலை இருக்கலாகாது. தம்பி வெளியூர் சென்றிருக்கும் நாளில் உம்மா ஒரு பத்திரத்தைத் தேட நேர்ந்தால், அந்தத் தாளே அவருக்கு வழிகாட்டும்.